நாலு ரப்பரில் அழிந்த சிம்பொனி

குன்னூரில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா இருக்கிறது என்று சொன்னால், கோயம்புத்தூர்க்காரர்கள் "எந்தக் கல்யாணத்துக்கு வாசிப்பாங்க?" என்று கேட்கிறார்கள். கல்யாணத்துக்கெல்லாம் வாசிக்க மாட்டார்கள். வயலின், வயோலா, செல்லோ என்று இருபத்திரண்டு பேர். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் எழுதிவைத்ததைத் தாளில் உள்ளபடி வாசிக்கிற கூட்டம். அதில் தபால்காரர் உண்டு, நர்ஸ் உண்டு, ஊட்டி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற அம்மா உண்டு. இந்தக் கூட்டத்தை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கி, எட்டு வருஷமாக எதிரே நின்று நடத்தி வருகிறவள் சுமலதா. அவளைக் கண்டக்டர் என்றால் எந்த ரூட்டு பஸ் என்று கேட்கிற ஜனங்களை அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். விஷயம் தெரிந்தும் தெரியாத மாதிரி நடந்துகொண்டவர்களைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

கட்டபெட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், தொழிலாளர்கள் குடியிருக்கிற லைன் வீட்டில் பிறந்தவள் அவள். அம்மா தெய்வம்மா, பதினான்கு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். அங்கேயும் கொழுந்து பறித்தார், இங்கேயும் கொழுந்து பறித்தார். நடுவில் ஒரு கடல் கிடந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா வீரையா ஃபேக்டரியில் இலை வாட்டுகிற வேலை. கோத்தகிரியில் ஒரு சர்ச்சில் ரோஸ்மேரி என்று ஒரு பியானோக்காரம்மா இருந்தார். ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக்கு ஆள் போதாமல், பாட்டு கேட்பதற்கென்றே வாசலில் வந்து நிற்கிற ஒன்பது வயதுப் பெண்ணின் கையில் ஒரு வயலினைக் கொடுத்தார். பத்தொன்பது வயதில் அந்தப் பெண் சென்னைக்கு ரயிலேறினாள். லண்டன்காரர்கள் நடத்துகிற பரீட்சைகளை எட்டாம் கிரேடு வரை எழுதி முடித்தாள். ரெக்கார்டிங் தியேட்டரில் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தது. அதில் பதினான்கு வருஷம் உட்கார்ந்தாள்.

சினிமாவுக்கு வயலின் வாசிக்கிறவர்கள் முப்பது நாற்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எதிரே மரப்பெட்டி மேல் ஒருத்தர் நின்று கையசைத்து எல்லோரையும் ஒன்றாகக் கொண்டுபோவார். அவர் ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். கால்ஷீட் வீணாகிறதே என்று எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது சுமலதா எழுந்துபோய்ப் பெட்டி மேல் நின்றாள். முதல் டேக்கே ஓகே ஆயிற்று. அதற்குப் பிறகு ஒன்பது படங்களுக்கு அவள்தான் வயலின் கூட்டத்தை நடத்தினாள். படத்தின் கடைசியில் டீ வாங்கி வந்தவர் பெயர்கூட ஓடியது, அவள் பெயர் ஓடவில்லை. கேட்டதற்கு, "பெட்டி மேல பொம்பள நின்னான்னு போட்டா யாரும்மா நம்புவா?" என்று சிரித்தார்கள். ஒன்பது தடவையும் அதே சிரிப்பு. பிறகு கம்ப்யூட்டருக்குள்ளேயே நாற்பது வயலின் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் மலையேறித் திரும்பி வந்தாள்.

குன்னூரில் ஒரு மாடியறையில் வயலின் சொல்லிக்கொடுத்துப் பிழைப்பு ஓடியது. வந்து சேர்ந்தவர்களில் பெரியவர்களாகப் பார்த்து இருபத்திரண்டு பேரைத் திரட்டினாள். ஒத்திகைக்கு இடம் வேண்டும், செல்லோ மாதிரி பெரிய வாத்தியங்கள் வேண்டும். ஊரில் பழைய துரைமார் காலத்து மன்றம் ஒன்று இருந்தது. மரத்தரை போட்ட ஹாலும் சும்மா தூசி தின்றுகொண்டிருந்த நாலு செல்லோவும் அவர்களிடம் இருந்தன. மன்றத்தின் செயலாளர் அம்புரோஸ். தெய்வம்மா வேலை பார்த்த அதே எஸ்டேட்டில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். "நம்ம தெய்வம்மா பொண்ணா? வாசிக்கட்டும், வாசிக்கட்டும்" என்று கதவைத் திறந்துவிட்டார். அதற்கு அவள் நன்றி சொன்னாள். ஒரு தடவை சொன்ன நன்றியை அம்புரோஸ் எட்டு வருஷமாக வசூலித்துக்கொண்டே இருந்தார். ஹாலுக்கு யார் வந்தாலும் அவளைக் காட்டி "நம்ம தெய்வம்மா பொண்ணு" என்பார். எட்டு வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து சுமலதா என்ற நாலெழுத்து ஒருமுறையாவது வந்ததில்லை.

இங்கே தொழில் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வயலின் கூட்டத்தில் எல்லோருடைய வில்லும் ஒரே சமயத்தில் கீழே இழுபட வேண்டும், ஒரே சமயத்தில் மேலே தள்ளப்பட வேண்டும். ஒருத்தர் இழுக்கும்போது பக்கத்து ஆள் தள்ளினால் சத்தம் பிசிறடிக்கும், முழங்கையும் இடிக்கும். எங்கே இழுப்பது, எங்கே தள்ளுவது என்பதெல்லாம் அச்சடித்த தாளில் பெரும்பாலும் இருக்காது. நடத்துகிறவர் யோசித்து முடிவுசெய்து ஒவ்வொரு தாளிலும் பென்சிலால் குறி போட வேண்டும். இந்த வருஷ டிசம்பர் கச்சேரிக்காகச் சுமலதா எடுத்துக்கொண்டது நாலு பாகம் கொண்ட ஒரு சிம்பொனி. இருபத்திரண்டு பேருக்கு இருபத்திரண்டு கட்டு. ஒவ்வொரு கட்டிலும் அவள் கையெழுத்து. வில் குறி மட்டுமா? தபால்காரர் ஆண்டிக்கு இடது சுண்டுவிரல் சரியாக மடங்காது; அந்த விரலே படாத மாதிரி வேறு வழி கண்டுபிடித்து எழுதியிருந்தாள். செல்லோ வாசிக்கிற நர்ஸ் மோசஸ் பதற்றக்காரர். அவர் தாளில் "இங்கே மூச்சு விடுங்க" என்று ஆறு இடத்தில் எழுதியிருந்தாள். பதினோரு மாதம், வாரத்துக்கு இரண்டு ஒத்திகை. பத்து வயலின்காரர்களில் ஒருத்தருக்கும் அவளிடம் வந்து சேர்வதற்கு முன்னால் சிம்பொனி என்ற சொல்லே தெரியாது. இப்போது நாலு பாகத்தையும் தடுக்காமல் வாசித்தார்கள்.

கச்சேரிக்கு மூன்று வாரம் இருக்கும்போது அம்புரோஸ் கூப்பிட்டனுப்பினார்.

"இந்த வருஷம் பெரிசா பண்றோம். பம்பாயில இருந்து மேஸ்ட்ரோ வர்றார். வெளிநாட்டுலயெல்லாம் நடத்துனவர். அவர் கண்டக்ட் பண்ணுவார்."

"அப்ப நானுங்க சார்?"

"நீ முன்னால சேர்ல உக்காந்து வாசிம்மா. நல்லாத்தானே வாசிக்கிற. ஒத்திகை உதவின்னு நோட்டீஸ்ல உன் பேரப் போடச் சொல்றேன்."

நோட்டீஸ் வந்தது. ஒத்திகை உதவி என்ற வரி இருந்தது, பக்கத்தில் "குழுவினர்" என்று போட்டிருந்தார்கள். சுமலதா அதைப் படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள். சண்டைக்குப் போகவில்லை. பதினோரு மாத உழைப்பு ஹால் நிறைந்த ஜனங்களுக்கு முன்னால் ஒலிக்க வேண்டும். யார் நின்று கையசைத்தாலும் வாசிக்கப்போகிறவர்கள் தன் ஆட்கள்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ள அவளுக்கு ரெக்கார்டிங் தியேட்டரில் நல்ல பழக்கம் இருந்தது.

கச்சேரிக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை, மன்றத்து கிளார்க் லிங்கசாமி வந்து எல்லாக் கட்டுகளையும் வாங்கிப்போனார். அட்டை போட்டுத் தருகிறோம் என்றார். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஒத்திகை, சாயங்காலம் ஐந்துக்குக் கச்சேரி. காலையில் எல்லோரும் வந்தார்கள். ஸ்டாண்டுகளில் புது நீல அட்டை போட்ட கட்டுகள் தயாராக இருந்தன.

முதலில் குரல் கொடுத்தவர் ஆண்டி. "ஏனுங்க டீச்சர், என்னுது வெள்ளையா இருக்குதுங்க."

ஜவுளிக்கடை நஜ்முன்னிசா தன் கட்டைப் புரட்டினார். "அக்கா, என்னுதும்தான். ஒரு பென்சில் கோடுகூட இல்ல!"

சுமலதா வாங்கிப் பார்த்தாள். மடிப்புகளுக்குள் ரப்பர் தூள் சுருள் சுருளாகக் கிடந்தது. உற்றுப் பார்த்தால் பென்சில் அழுத்திய பள்ளம் மட்டும் தெரிந்தது. இருபத்திரண்டு கட்டும் அப்படித்தான். ஒரு பக்கம் பாக்கியில்லை.

அம்புரோஸ் பெருமையோடு வந்தார். "எப்படி? லிங்கசாமியும் ரெண்டு பேரும் ரெண்டு நாள் உக்காந்தாங்க. நாலு ரப்பர் தேஞ்சு போச்சு. ஒரே கிறுக்கலா இருந்துச்சு, மேஸ்ட்ரோ பாத்தா என்ன நினைப்பார்?"

பாவி மனிதர் நிஜமாகவே நல்லது செய்ததாக நினைத்தார். அதுதான் கொடுமை. எஸ்டேட்டைச் சோதனை பார்க்கக் கம்பெனியின் விசிட்டிங் ஏஜென்ட் வருகிறார் என்றால் முந்தின வாரமே பாதையோரக் கல்லுக்கெல்லாம் வெள்ளையடிப்பார்கள், லைன் வீட்டுக் கொடியில் காயும் துணியை உள்ளே எடுத்துப்போடச் சொல்வார்கள். குடியிருப்பவர்களின் புழக்கம் எதுவும் பெரிய மனிதர் கண்ணில் படக்கூடாது. முப்பது வருஷம் அப்படித் துடைத்துப் பழகிய கை, சிம்பொனியையும் துடைத்துவிட்டது.

மேஸ்ட்ரோ வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, மெல்லிய குச்சி. இவர்கள் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் குச்சியைத் தூக்கிவிட்டார். குறி இல்லாத தாளைக் கண்டதும் இவர்களுக்குக் கை ஓடவில்லை. ஒருத்தர் இழுத்தார், பக்கத்தில் இருந்தவர் தள்ளினார். ஆண்டி பழைய பழக்கத்தில் பாதி வாசித்து, தாளைப் பார்த்துக் குழம்பி நின்றுபோனார். மோசஸ் மூச்சு விடவே மறந்தார். எட்டாவது வரியில் மேஸ்ட்ரோ குச்சியை இறக்கினார்.

"வில் குறி எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்புரோஸ் சுத்தம் செய்த கதையைச் சொன்னார். மேஸ்ட்ரோ கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். "இந்த ஒரு நாளில் ஒன்றும் செய்ய முடியாது. சிம்பொனியை விட்டுவிடலாம். கிறிஸ்துமஸ் பாட்டு இரண்டும் ஒரு வால்ட்ஸ் நடன மெட்டும் போதும். ஜனங்களுக்கு அதுவே சந்தோஷம்" என்றார். அம்புரோஸ் அந்த நிமிஷமே தலையாட்டினார். இருவரும் டீ குடிக்கப் போனார்கள். எல்லாம் சேர்ந்து மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்.

சுமலதா வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"டீச்சர், நீங்க மறுபடி எழுதிக் குடுத்தா வாசிச்சுப்போடலாமுங்க. உங்களுக்கு எல்லாம் மனப்பாடந்தானுங்களே" என்றார் ஆண்டி.

"அழிச்சவங்களே எழுதட்டுமுங்க. அந்த ஆளு வந்து நின்னு குச்சி ஆட்டறதுக்கு நான் உக்காந்து எழுதோணுமா? போதுமுங்க. ஊட்டுக்குப் போறேன்."

ஆண்டி அமைதியான மனிதர். மழையில் நாய் துரத்தினாலும் தபால் பையை விடாதவர். அன்றைக்கு அவருக்கும் கோபம் வந்தது. "உங்க கோவம் ஞாயந்தானுங்க. நான் பதினோரு மாசமா ஊட்டுல அத்தனை பேர் சிரிப்பையும் தாங்கிக்கிட்டு வாசிச்சனுங்க. என் சம்சாரம் சொந்தக்காரக் கூட்டத்தோட வருது, இன்னைக்காச்சும் கேக்கட்டும்னு. நீங்க பெட்டிய மூடிட்டா, அவங்க அழிச்சதுல மிச்சத்தை நீங்க அழிச்ச மாதிரியில்லீங்களா?"

அந்த வார்த்தை சுமலதாவைச் சுருக்கென்று தைத்தது. ஆண்டி சொன்னதில் பொய் இல்லை. இத்தனை பேரின் உழைப்பைத் தன் ரோஷத்துக்காகக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டப் பார்த்தாளே! கோபம் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் அதைக் கொண்டுபோய் இறக்க வேண்டிய இடம் ஆண்டி அல்ல.

எழுந்து நேரே டீ குடிக்கிற அறைக்குப் போனாள். "சார், நாலு மணி நேரம் குடுங்க. இருபத்திரண்டு கட்டையும் எழுதித் தர்றேன். சிம்பொனிய வாசிப்போம். ஆனா அதை நாந்தான் நடத்துவேன்."

அம்புரோஸ் பிஸ்கட்டைக் கீழே வைத்தார். "என்னம்மா பேசற? நோட்டீஸ் அடிச்சாச்சு. கோயம்புத்தூர்ல இருந்தெல்லாம் மேஸ்ட்ரோவுக்காக வர்றாங்க. நீ போய் நின்னா மன்றத்துக்கு என்ன மரியாதை?"

"எட்டு வருஷமா நின்னனுங்களே, அப்ப போகாத மரியாதையா?"

"அது ஒத்திகை. இது ஃபங்ஷன். உன் நிலைமையக் கொஞ்சம் யோசிச்சுப் பாரு. உங்கம்மா எப்படிப்பட்டவ, ஒரு நாள் எதுத்துப் பேசினதில்ல."

"பேசியிருக்கோணும் சார். பேசாதது அவங்க தப்பு. அந்தத் தப்பை நான் பண்ண மாட்டேன்."

மேஸ்ட்ரோ கப்பை வைத்துவிட்டுக் கேட்டார்: "அழிந்துபோன குறிகளைப் போட்டது யார்?"

"நானுங்க."

"அப்படியென்றால் நீங்களே நடத்துங்கள். எனக்குப் பாட்டும் வால்ட்ஸும் போதும். எட்டு மணிக்குள் நான் மலையிறங்க வேண்டும்." அவ்வளவுதான். பெருந்தன்மையும் இல்லை, பொறாமையும் இல்லை. சிம்பொனி யார் கைக்குப் போனால் அவருக்கு என்ன? பதினோரு மாத உழைப்பு அவருடைய கார் நேரத்தால் பிழைத்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் சுமலதாவுக்கு ஆத்திரம் வருகிறது. மேஸ்ட்ரோவே சொல்லிவிட்டதால் அம்புரோஸ் அதற்கும் தலையாட்டினார்.

மேஸ்ட்ரோ பாட்டையும் வால்ட்ஸையும் பதினொன்றரை வரை ஒத்திகை பார்த்தார். பிறகு ஹால் தரையில் கட்டுகளைப் பரப்பி உட்கார்ந்தார்கள். நஜ்முன்னிசா பென்சிலைச் சீவிக் கொடுத்தார். சுமலதா வாங்கவில்லை. "பேனா குடுங்க" என்றாள். இசைத்தாளில் பேனாவால் எழுதுவது தொழிலில் பெரிய குற்றம். அவளே எத்தனையோ பேரை அதற்காகத் திட்டியிருக்கிறாள். அன்றைக்கு நீல மையில் எழுதினாள். ஒரே மெட்டை வாசிக்கிறவர்களில் ஒருத்தர் கட்டை அவள் முடித்ததும் மற்றவர்கள் அதைப் பார்த்துத் தங்கள் தாளில் ஏற்றினார்கள். சில இடங்களில் அவளுக்கே சந்தேகம் வந்தது. அப்போதெல்லாம் வாசிக்கிறவர்கள் காற்றில் வில்லை இழுத்துப் பார்த்து, "இல்லீங்க டீச்சர், இங்க தள்ளறது" என்று கைக்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். ஆண்டிக்குச் சுண்டுவிரல் படாத வழியை அவளே எழுதினாள். மோசஸ் தன் மூச்சு இடம் ஆறையும் தானே எழுதிக்கொண்டு, கூடுதலாக ஏழாவது ஒன்றும் சேர்த்துக்கொண்டார். மூன்றரைக்கு வேலை முடிந்தது. யாரும் சாப்பிடவில்லை. ஒரே ஒருமுறை முழுவதும் வாசித்துப் பார்க்கத்தான் நேரம் இருந்தது.

ஐந்து மணிக்கு ஹால் நிறைந்துவிட்டது. மேஸ்ட்ரோ பாட்டுகளையும் வால்ட்ஸையும் நடத்தினார். நன்றாகத்தான் நடத்தினார், பொய் சொல்லக்கூடாது. அம்புரோஸ் மைக்கைப் பிடித்து, "அடுத்து, மேஸ்ட்ரோ அவர்களின் ஆசியோட, நம்ம எஸ்டேட் தெய்வம்மா பொண்ணு ஒரு ஐட்டம் வாசிச்சுக் காட்டும்" என்று அறிவித்துவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். நாலு பாகம் கொண்ட சிம்பொனி அந்த ஆளுக்கு ஒரு ஐட்டம்!

சுமலதா மேடையேறினாள். குச்சி இல்லை, வெறுங்கைதான். கையை உயர்த்தினாள். இருபத்திரண்டு வில்லும் ஒன்றாக இறங்கின.

முதல் பாகத்தில் கொஞ்சம் வேகமாகப் போய்விட்டார்கள். காலையில் பட்ட சூடு கையில் இருந்தது. அவள் உள்ளங்கையைத் தாழ்த்தி நிதானப்படுத்தினாள். இரண்டாம் பாகத்தில் மோசஸ் ஏழு இடத்திலும் மூச்சு விட்டார். மூன்றாவதில் ஆண்டியும் பக்கத்து நாற்காலிக்காரரும் மட்டும் தனியாக வாசிக்க வேண்டிய எட்டு வரி வந்தது. ஆண்டி தெளிவாக வாசித்தார். நடுக்கூட்டத்தில் அவர் சம்சாரம், அதுவரை சிரித்த சொந்தக்காரர்களையெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. கடைசிப் பாகம் முடிந்தபோது இருபத்திரண்டு வில்லும் ஒரே பக்கம் மேலே நின்றன.

கைதட்டல் வந்தது. உள்ளங்கையை மேல்நோக்கிக் காட்டி நடத்துகிறவர் கையை உயர்த்தினால் வாசித்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும், அது வழக்கம். சுமலதா உயர்த்தினாள். எழுந்தார்கள். அவள் ஜனங்கள் பக்கம் திரும்பினாள். பின்வரிசையில் முதலில் எழுந்தது தெய்வம்மா. கூடவே லைனிலிருந்து வந்த நாலைந்து பெண்கள். பிறகு வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். முன்வரிசையில் மேஸ்ட்ரோவும் எழுந்து கைதட்டினார்.

அம்புரோஸ் எழவில்லை. கால்மேல் கால் போட்டு, இரண்டு விரலால் உள்ளங்கையைத் தட்டிக்கொண்டிருந்தார். போதும் போதும், நல்லாத்தான் இருந்துச்சு என்கிற தட்டல். எஸ்டேட் பாதையில் இவர் ஜீப் வந்தால் பெண்கள் கூடையோடு சரிவில் இறங்கி நிற்க வேண்டும். தெய்வம்மா அப்படி எத்தனை நாள் நின்றிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? நின்றவர்களுக்காக இவர் எழுந்து நிற்பதாவது! அந்த யோசனையே அவர் தலைக்குள் நுழைந்திருக்காது.

சுமலதா வணங்கவில்லை. அம்புரோஸையே பார்த்தாள். பிறகு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, ஆர்க்கெஸ்ட்ராவுக்குக் காட்டிய அதே மாதிரி, அவரை நோக்கி உயர்த்தினாள்.

அம்புரோஸ் இரண்டு பக்கமும் பார்த்தார். கைதட்டல் மெல்லக் குறைந்தது. எல்லோர் கண்ணும் அந்தக் கை போன திசையில் போயிற்று. அவர் சிரிக்கப் பார்த்தார். "என்னம்மா?" என்று வாயசைத்தார்.

"எந்திரிங்க சார்" என்றாள் சுமலதா. சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஹாலில் மரத்தரை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அம்புரோஸ் காலை இறக்கினார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பாதி எழுந்து, கோட்டைச் சரிசெய்கிற சாக்கில் அப்படியே குனிந்து நின்றார். அவள் கை அங்கேயே இருந்தது. அவர் முழுசாக நிமிர்ந்து நின்ற பிறகுதான் அதைக் கீழே இறக்கினாள்.